லாமின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. நோய் மட்டும் ஏன் தசையில்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே முழங்கைகள் முழுவதுமாக நீளவில்லை. குதிகால் தசைநாண் இறுகிப்போனதால் நுனிக்காலில் நடந்து பழகினார். அண்மையில் நெஞ்சு படபடப்புக்காக மருத்துவரிடம் போனபோது, இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையில் தாமதம் இருப்பது தெரிந்தது. மரபணுச் சோதனையில் எல்.எம்.என்.ஏ. என்ற மரபணுவில் நோய் தரும் மாற்றம் ஒன்று இருப்பது உறுதியாகி, எமரி-டிரைஃபஸ் தசைச் சிதைவு என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். நீங்கள் உயிரியலில் முதுகலை முடித்தவர் என்பதால் கேள்விகளைக் கூர்மையாகவே கேட்டிருக்கிறீர்கள். அந்த மரபணு தரும் லாமின் ஏ புரதம் பெரும்பாலான திசுக்களில் இருக்கும்போது அண்ணனின் கல்லீரலும் தோலும் நன்றாக இருக்க, தசையும் இதயமும் மட்டும் ஏன் பழுதாகின்றன? உட்கரு உறையின் புரதங்கள்தான் மரபணுத்தொகுதியை உட்கருவுக்குள் அடுக்கிவைக்கின்றன என்று படித்தீர்களே, அந்த அடுக்கு திசுவுக்குத் திசு மாறுவதுதான் இதற்குக் காரணமா? அப்படியானால் அண்ணனின் செல்களில் அந்த அடுக்கைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா, அறிகுறி எதுவும் இல்லாத நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு என் பதில், பெரும்பகுதி ஆம் என்பதே. ஆனால் அது முழுக் காரணம் அல்ல. கடைசிக் கேள்விக்கான பதில் இந்த உயிரியலை நம்பி இருக்கவில்லை. மற்றவற்றைப் படிக்க நேரம் இல்லையென்றால், கடைசிப் பகுதியையாவது இன்றே படித்துவிடுங்கள்.

உட்கரு உறையைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வேலியாகக் காட்டுகின்றன, உள்ளே டி.என்.ஏ., வெளியே சைட்டோபிளாசம், நடுவே இரட்டைச் சவ்வு, அதில் ஆங்காங்கே துளைகள். அந்தப் படம் தவறு இல்லை, ஆனால் இங்கே அது நமக்கு உதவாது. வெளிச்சவ்வு எண்டோபிளாச வலைப்பின்னலின் தொடர்ச்சி. உட்சவ்வோ தனக்கென்று ஒரு புரதக் கூட்டத்தை வைத்திருக்கிறது. உட்சவ்வின் அடியில், உட்கருவின் பக்கமாக, லாமின் இழைகளால் ஆன லாமினா என்ற மெல்லிய வலை விரிந்திருக்கிறது. பாலூட்டிகளில் மூன்று மரபணுக்கள் லாமின்களைத் தருகின்றன: எல்.எம்.என்.ஏ. லாமின் ஏ, சி ஆகிய இரண்டையும், மற்ற இரண்டும் முறையே லாமின் பி1, பி2 ஆகியவற்றையும் தருகின்றன. உட்சவ்வைத் துளைத்து நிற்கும் லாமின் பி ஏற்பி, எமரின், லாப்2 முதலிய புரதங்கள் ஒரு பக்கம் லாமினாவையும் மறுபக்கம் குரோமாட்டினையும், அதாவது புரதங்களோடு சுற்றப்பட்ட டி.என்.ஏ.வையும், பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிதான் நம் பேச்சின் மையம்.

எந்த மரபணுக்கள் ஓரத்தில் இருக்கின்றன என்பதை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது. அதற்காக வந்த டேம்ஐடி என்ற முறை எளிமையானது. ஜி.ஏ.டி.சி. என்ற நான்கெழுத்துத் தொடரைக் கண்ட இடத்தில் அடினின் மீது ஒரு மெத்தில் குறி வைக்கும் பாக்டீரியா நொதி ஒன்றை லாமின் பி1 புரதத்துடன் இணைத்துச் செல்லுக்குள் விடுவார்கள். லாமினாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் டி.என்.ஏ.வில் மட்டும் அந்தக் குறி செறிவாக விழும். பிறகு குறி விழுந்த துண்டுகளைப் பிரித்து வாசித்தால் ஓரத்தின் வரைபடம் கிடைத்துவிடும். 2008இல் இணைப்புத் திசுவைச் சேர்ந்த மனித நார்முன்செல்களில் இப்படி வரையப்பட்ட முதல் முழு வரைபடம், 1300க்கும் மேற்பட்ட பெரும்பகுதிகள் லாமினாவோடு சேர்ந்திருப்பதைக் காட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 1 இலட்சம் முதல் 1 கோடி கார இணைகள் வரை நீளமுடையது. கூட்டினால் மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 40 சதவீதம். அவற்றுக்குள் இருக்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை அடங்கியே கிடக்கின்றன.

இந்தப் பகுதிகளில் ஒரு சாரார் எந்தச் செல்லிலும் ஓரத்தை விட்டு நகர்வதில்லை. மறுசாரார் செல்லின் வகைக்கேற்ப ஓரத்துக்கு வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். எலியின் கருக் குருத்தணு நரம்பு முன்னோடிச் செல்லாகவும், அது பிறகு விண்மீன் வடிவத் துணைச்செல்லாகவும் மாறும் வழியை 2010இல் வரைபடமாக்கியபோது, ஒவ்வொரு படியிலும் பல நூறு மரபணுக்கள் ஓரத்தை விட்டு விலகின அல்லது ஓரத்துக்கு வந்தன. விலகியவற்றில் பல உடனே இயங்கத் தொடங்கின. ஆனால் வேறு பல அப்போது இயங்கவில்லை. பூட்டு மட்டும் திறக்கப்பட்ட நிலையில் இருந்து, அடுத்த படியில்தான் இயங்கின. ஓரத்தில் இருந்தால் அணைந்தது, நடுவில் இருந்தால் எரிகிறது என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு. மாணவர்களுக்குச் சொல்ல வசதியானது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. ஒரு மரபணுவை வலிந்து ஓரத்தில் கட்டிவைத்த சோதனைகள் 2008ஐ ஒட்டி மூன்று ஆய்வகங்களிலிருந்து வந்தன. சில மரபணுக்கள் அடங்கின, சில சிறிதும் அசரவில்லை. இடம் என்பது ஒரு சாய்வைத் தருகிறது. முடிவைத் தனியாக எடுப்பதில்லை.

சரி, திசுவுக்குத் திசு எது மாறுகிறது? முதலில் பிடிக்கும் கைகளே மாறுகின்றன. இதற்கு மிகத் தெளிவான சான்று விழித்திரையில் கிடைத்தது. இரவில் நடமாடும் பாலூட்டிகளின், மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்களை வெட்டி, சாயமிட்டுப் பார்த்தால், பாடநூல் படத்தை யாரோ உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பியது போலிருக்கும்: இறுகிய, பெரும்பாலும் இயங்காத குரோமாட்டின் நட்டநடுவில் ஒரு கட்டியாகத் திரண்டிருக்கிறது, இயங்கும் குரோமாட்டின் ஓரத்தில் வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. 2009இல் வெளியான இந்த ஆய்வு, அந்த நடுக்கட்டி ஒளியைச் சிதறவிடாமல் குவித்துக் கீழே அனுப்புகிறது என்றும் காட்டியது. குறைந்த ஒளியில் பார்க்க வேண்டிய விலங்குக்கு அது ஆதாயம். பகலில் நடமாடும் விலங்குகளின் குச்சிச் செல்களில் இந்தத் தலைகீழ் அமைப்பு இல்லை.

இது எப்படி நேர்கிறது என்பதற்கான பதில் 2013இல் வந்தது. எலியின் குச்சிச் செல்களில் லாமின் பி ஏற்பியும் இல்லை, லாமின் ஏ, சி இரண்டும் இல்லை. பல திசுக்களைத் தேடிப் பார்த்ததில், இறுகிய குரோமாட்டினை ஓரத்தில் வைத்திருக்கும் செல்களில் இந்த இரு பிடிகளில் ஒன்றாவது இருந்தது; பொதுவாக வளர்ச்சியின் தொடக்கத்தில் லாமின் பி ஏற்பியும், செல் முதிரும்போது லாமின் ஏ, சி இரண்டும் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. இரண்டையும் நீக்கிய எலிகளில், குச்சிச் செல்லோடு தொடர்பே இல்லாத செல்களிலும் உட்கரு தலைகீழானது. லாமின் பி ஏற்பியைக் குச்சிச் செல்லில் வலிந்து உண்டாக்கினால் இறுகிய குரோமாட்டின் ஓரத்துக்கே திரும்பியது. ஆனால் லாமின் சியை மட்டும் உண்டாக்கியபோது அப்படி நடக்கவில்லை. அதாவது, லாமின் ஏ, சி தனியே நின்று குரோமாட்டினைப் பிடித்துவைக்க முடியாது. உட்சவ்வில் அதற்குக் கூட்டாளிகள் வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதிலின் முளை இங்கேதான் இருக்கிறது. லாமின் ஏ எங்கும் இருக்கலாம். அதன் கூட்டாளிகள் எங்கும் ஒன்றல்ல.

பிடி இல்லாமல் இருப்பதும் சில திசுக்களுக்குத் தேவை என்பதை மூக்கு காட்டுகிறது. எலிக்கு மணம் அறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரு மண உணர் நரம்புச் செல் அவற்றில் ஒன்றை மட்டுமே இயக்குகிறது. மற்றவை அத்தனையும் உட்கருவின் உட்பகுதியில் சில இறுகிய திரள்களாகச் சேர்ந்து கிடக்கின்றன. அந்தச் செல்லில் லாமின் பி ஏற்பி இயல்பாகவே குறைக்கப்பட்டிருக்கிறது. 2012இல் ஓர் ஆய்வகம் அதை வலிந்து உண்டாக்கிப் பார்த்தது. திரள்கள் கலைந்தன, அடங்கியிருக்க வேண்டிய பல ஏற்பி மரபணுக்கள் ஒரே செல்லில் சேர்ந்து இயங்கின. ஒரு சவ்வுப் புரதத்தின் அளவு மாறினாலே செல்லின் தனித்தன்மை கலைந்துபோகும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

இனி தசைக்கு வருவோம். உங்களுக்கு இதுதான் முக்கியம்.

உட்கரு உறையில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று, மூலக்கூறுகளின் நிறையை அளந்து புரதங்களை இனங்காணும் நிறைநிரல் முறையில் எடுத்த கணக்குகள், 2003 வாக்கிலேயே 67 புதிய சவ்வுப் புரதங்களைக் காட்டின. பிறகு கல்லீரல், தசை, இரத்த வெள்ளணு ஆகியவற்றின் உறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, மூன்றுக்கும் பொதுவானவை சிறுபகுதியே என்று தெரிந்தது. ஒரே உயிரின் உட்கரு உறை திசுவுக்குத் திசு இவ்வளவு வேறுபடும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தத் திசுசார் புரதங்கள் சும்மா இருப்பவை அல்ல: கல்லீரல் செல்களில் 5ஆம் குரோமோசோமை ஓரத்தில் வைத்திருக்க, கல்லீரலில் மிகுந்து காணப்படும் இரு சவ்வுப் புரதங்கள் தேவைப்படுகின்றன, அவற்றைக் குறைத்தால் அந்தக் குரோமோசோம் உள்ளே நகர்கிறது.

தசையில் இதே கேள்வியைத் துல்லியமாக எழுப்பிய ஆய்வு 2016இல் வெளியானது. எலியின் தசைமுன்செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட தசைக்குழாய்களாக மாறும். அந்த மாற்றத்தின்போது நெட்39, டி.எம்.இ.எம்.38ஏ, டபிள்யூ.எஃப்.எஸ்.1 ஆகிய மூன்று சவ்வுப் புரதங்கள் உட்கரு உறையில் வேலையில் இறங்குகின்றன. தசை உருவாக்கத்தின் முற்படிகளில் தேவைப்பட்டு, பிற்படிகளில் தடையாகிவிடும் மரபணுக்கள் பல உண்டு. இந்த மூன்றும் அவற்றை ஓரத்துக்கு இழுத்து அடக்குகின்றன. ஓரத்துக்கு வந்ததால் அடங்கினவா, அடங்கியதால் ஓரத்துக்கு வந்தனவா என்ற பழைய சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நெட்39 புரதத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்து, உட்கரு உறைக்குப் பதிலாக, உட்கருவுக்குள் தனித் திரளாக இருக்கும் உட்கருமணிக்குப் போகும்படி மாற்றியமைத்தார்கள். அது பிடிக்கும் மரபணுவும் அதனுடனேயே உட்கருமணிக்குப் போனது. பிடிப்பது அந்தப் புரதமேதான் என்பது இதனால் உறுதியானது.

அளவும் கவனிக்கத் தக்கது. இடமாற்றம் மட்டுமே, ஒரு மரபணு இயல்பாக அடங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கு வரை தருகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எஞ்சியதைப் பிற கட்டுப்பாடுகள் தருகின்றன. தசை உருவாக்கத்தின்போது செயல்பாடு மாறும் மரபணுக்களில் 37 சதவீதம் இந்த மூன்று புரதங்களால் பாதிக்கப்பட்டன. மூன்றையும் ஒருசேரக் குறைத்தபோது தசைக்குழாய்கள் உருவாவது ஏறக்குறைய நின்றேபோனது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. இந்தப் புரதங்கள் உட்கரு உறைக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. டி.எம்.இ.எம்.38ஏ தசையின் கால்சியக் கிடங்கான சார்கோபிளாச வலைப்பின்னலில் அயனி வாயிலாகவும் வேலை செய்கிறது, டபிள்யூ.எஃப்.எஸ்.1 பழுதானால் நீரிழிவும் பார்வை நரம்புச் சிதைவும் கொண்ட வேறொரு நோய் வருகிறது. எனவே ஒன்றை நீக்கிவிட்டுத் தசை கெட்டது என்று காட்டினால், கெடுத்தது மரபணு இடமாற்றமா கால்சியக் குளறுபடியா என்று கேட்கத்தான் வேண்டும். மேலே சொன்ன உட்கருமணிச் சோதனையை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது இந்தக் குழப்பத்தைத் தாண்டி நிற்கிறது.

கொழுப்புத் திசுவில் இந்த வேலையை டி.எம்.இ.எம்.120ஏ என்ற வேறொரு புரதம் செய்கிறது. எலியின் கொழுப்புத் திசுவில் அதை நீக்கினால், கொழுப்பு மிகுந்த தீனி கொடுக்கும்போது கொழுப்புச் சேமிப்புக் கோளாறும் இன்சுலின் எதிர்ப்பும் தலைகாட்டுகின்றன. டி வெள்ளணுக்கள் தூண்டப்படும்போதும், ஓரத்தில் கட்டுண்டிருந்த மரபணுவின் இயக்கத்தைத் தூண்டும் சில ஊக்கித் தொடர்கள் விடுபட்டு உள்ளே போகின்றன. உறையின் துளைகளுக்கும் இதில் பங்குண்டு: நுப்210 என்ற துளைப் புரதம் பெருகும் தசைமுன்செல்லில் இல்லை, அது முதிரும்போதுதான் வருகிறது, அதைத் தடுத்தால் தசை உருவாவதில்லை. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே கடந்து செல்கிறேன்.

இப்போது உங்கள் அண்ணனிடம் இருக்கும் மரபணுவுக்குத் திரும்புவோம். எமரி-டிரைஃபஸ் நோய்க்கு முதலில் 1994இல் கண்டறியப்பட்டது எக்ஸ் குரோமோசோமில் உள்ள எமரின் மரபணு, எல்.எம்.என்.ஏ. மரபணு 1999இல்தான் இந்நோயோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு அதே எல்.எம்.என்.ஏ.வின் வெவ்வேறு மாற்றங்கள் வெவ்வேறு நோய்களைத் தருவது தெரியவந்தது. புரதத்தில் 482ஆம் இடத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறினால் பெரும்பாலும் தசை நன்றாக இருக்கும். பருவமடையும் காலத்திலிருந்து கைகால்களின் தோலடிக் கொழுப்புக் கரைந்துபோகும். வேறொரு மாற்றம் புரதத்திலிருந்து 50 அமினோ அமிலங்களை இழக்கச்செய்து, குழந்தைகளில் முன்முதுமை நோயைத் தருகிறது. இன்னொன்று புற நரம்புகளைத் தாக்குகிறது. புரதத்தின் எந்த முகம் கெடுகிறதோ அந்த முகத்தை நம்பியிருக்கும் கூட்டாளி எந்தத் திசுவில் வேலை செய்கிறாரோ, அந்தத் திசு அடிபடுகிறது என்ற விளக்கம் இந்தப் பட்டியலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இது எல்லாக் கண்ணிகளும் நிரூபிக்கப்பட்ட சங்கிலி அல்ல. ஆனாலும் இருப்பவற்றில் நான் மிகவும் நம்பும் விளக்கம் இதுதான்.

அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்ப்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சீ. எலிகன்ஸ் புழுவுக்கு லாமின் மரபணு ஒன்றே ஒன்றுதான். மனிதரில் எமரி-டிரைஃபஸ் நோயைத் தரும் மாற்றம் ஒன்றை அதில் புகுத்தினார்கள். இயல்பான புழுவில், தசைச் செல் உருவாகும்போது தசை மரபணுக்களைத் தொடங்கிவைக்கும் இயக்கித் தொடர்கள் ஓரத்தை விட்டு உள்ளே நகர வேண்டும். மாற்றம் பெற்ற புழுவில் அவை நகராமல் ஓரத்திலேயே சிக்கின. தசையின் கட்டமைப்பும் அசைவும் குன்றின. இந்த ஆய்வு 2011இல் வந்தது. பிறகு 2020இல், இறுகிய குரோமாட்டினை ஓரத்தில் பிடித்துவைக்கும் சி.இ.சி.4 என்ற வேறொரு புரதத்தை அதே புழுவிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். லாமின் பழுது அப்படியே இருக்கிறது. பிடி மட்டும் போய்விட்டது. தசையின் செயல் மேம்பட்டது. மரபணு இருக்கும் இடமே நோயின் ஒரு பகுதிக்குக் காரணம் என்று சொல்ல இதுபோன்ற சோதனைதான் வேண்டும். புழு மனிதன் அல்ல என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மனிதரிலும் எமரி-டிரைஃபஸ் அறிகுறிகள் உள்ள கணிசமானோரிடம் அறியப்பட்ட மரபணுக்களில் எந்த மாற்றமும் கிடைப்பதில்லை. அத்தகைய குடும்பங்களில் தேடியபோது, மேலே சொன்ன தசைசார் சவ்வுப் புரதங்களின் மரபணுக்களில் சில மாற்றங்கள் கண்ணில் பட்டுள்ளன. அவற்றை இப்போதைக்குச் சந்தேகப் பட்டியலில் வைப்பதே முறை.

நான் முழுக் காரணம் அல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். லாமின் ஏ உட்கருவுக்கு விறைப்பைத் தருகிறது. எலும்பு, தசை, இதயம் போன்ற விறைப்பான, இழுபடும் திசுக்களில் அது மிகுதி. மூளை போன்ற மென்மையான திசுக்களில் குறைவு. சன், நெஸ்பிரின் என்ற புரதங்கள் உட்கருவைச் செல்லின் எலும்புக்கூட்டோடு கோத்திருப்பதால், தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை உட்கரு வரை வந்து சேர்கிறது. லாமின் பழுதான எலித் தசைகளில் உட்கருக்கள் உருமாறி, உறை கிழிந்து, டி.என்.ஏ. சேதமடைவதைப் பார்த்திருக்கிறார்கள். லாமின் ஏ இல்லாத எலிகளில் சன்1 புரதத்தையும் நீக்கியபோது நோய் தணிந்தது; 2012இல் வந்த அந்த முடிவை விசை விளக்கத்தின் பக்கம் நிற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். இந்த இரு விளக்கங்களையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவது கருத்தரங்குகளில் சுவையாக இருக்கும். செல்லுக்குள் அவை பிரிந்திருப்பதாக நான் நினைக்கவில்லை. விசையால் குலுங்கும் உறையில் குரோமாட்டினின் பிடியும் தளரும். பிடி தளர்ந்த உட்கரு விசையைத் தாங்குவதும் குறையும். கல்லீரல் இழுபடுவதும் இல்லை, அது தசையின் கூட்டாளிப் புரதங்களை நம்பி இருப்பதும் இல்லை. அண்ணனின் கல்லீரல் நன்றாக இருப்பதற்கு இரண்டுமே காரணமாகலாம்.

அப்படியானால் அவருடைய செல்களில் மரபணுத்தொகுதியின் அடுக்கைச் சோதிக்கலாமா? வேண்டாம் என்பதே என் ஆலோசனை. டேம்ஐடி செய்ய, உயிருள்ள செல்லுக்குள் வெளிமரபணு ஒன்றைச் செலுத்த வேண்டும். நோயாளியிடமிருந்து எளிதாகக் கிடைப்பது தோலும் இரத்தமும், நோய் இருப்பதோ தசையிலும் இதயத்திலும். இந்த அமைப்பு திசுவுக்குத் திசு மாறுகிறது என்றுதான் இவ்வளவு நேரமும் பேசினோம். பிறகு தோலைப் பார்த்து இதயத்தைப் பற்றி முடிவு சொல்வது எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, ஒரே திசுவின் இரு செல்களில்கூட இந்த ஏற்பாடு ஒன்றாக இருப்பதில்லை. செல் பிரிந்து புதிய உட்கருக்கள் அமையும்போது, தாய்ச் செல்லில் ஓரத்தில் இருந்த பகுதிகளில் பல மகள் செல்லில் உள்ளே போய்விடுகின்றன என்று 2013இல் காட்டப்பட்டது. ஆய்வுக்காகத் திசுத் துண்டு தருமாறு யாரேனும் கேட்டால் தருவதும் மறுப்பதும் அண்ணனின் விருப்பம். அதிலிருந்து அவருடைய சிகிச்சைக்கு ஏதேனும் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த அமைப்பைச் சீராக்கும் என்று சொல்லி எந்த மருந்தையோ சத்து மாத்திரையையோ யார் விற்றாலும் வாங்காதீர்கள். மனிதருக்கு அப்படி ஒன்று இன்று இல்லை.

இன்று செய்ய வேண்டியது இதயத்தைக் கவனிப்பது. எல்.எம்.என்.ஏ. மாற்றம் உள்ளவர்களில் தசை நோயின் கடுமைக்கும் இதய ஆபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. நன்றாக நடமாடுபவருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம், முதல் அறிகுறியே திடீர் மயக்கமாகவோ மரணமாகவோ இருந்துவிடலாம். இதயத்தின் அழுத்தும் திறன் எக்கோவில் இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன். இ.சி.ஜி., எக்கோ, குறைந்தது 24 மணி நேரத் துடிப்புப் பதிவு ஆகியவற்றை ஆண்டுதோறும், மருத்துவர் சொன்னால் அதற்கும் முன்பாகவே, செய்ய வேண்டும். துடிப்புத் தாமதத்துக்காக பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய நிலை வந்தால், ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவியையே வைப்பது நல்லதா என்று இதயத் துடிப்பு நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். இந்த மரபணுவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி வழக்கமானது; கேட்கத் தயங்க வேண்டாம். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால், இந்த நோயில் வரக்கூடிய கழுத்து விறைப்பையும் இதயத் துடிப்புக் கடத்தலில் உள்ள தடையையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு வருகிறேன். இந்த நோய் எல்.எம்.என்.ஏ. வழியில் வரும்போது பெரும்பாலும் ஒரு நகல் மாறினாலே வெளிப்படும். பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தால், உங்களுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். ஆனால் இந்த நோயில் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றங்கள் அரிதல்ல. அப்படியானால் உங்கள் வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோரின் இனப்பெருக்கச் செல்களில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கும் அரிய நிலைக்காக முற்றிலும் இல்லை என்று சொல்வதில்லை. எனவே பெற்றோர் இருவரையும் முதலில் சோதிப்பது சிக்கனமும் தெளிவும் தரும். அவர்கள் இல்லையென்றாலோ விரும்பவில்லையென்றாலோ, உங்களையே நேரடியாகச் சோதிக்கலாம். அண்ணனுக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்களில் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் அவரிடம் ஒரு மரபியல் ஆலோசகர் சொல்ல வேண்டும்; அதை நீங்கள் சொல்லி உங்களுக்குள் மனத்தாங்கல் வளர வேண்டியதில்லை.

சோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். மேலறை அலைக்கும் கீழறை அலைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டிருக்கிறதா, மேலறை அலை தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி, குடும்ப வரலாற்றைச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால், இளவயதினரின் இ.சி.ஜி.யில் சிறு தாமதத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மரபணுச் சோதனைக்குப் போகும்போது, அண்ணனின் அறிக்கையில் எல்.எம்.என்.ஏ. என்ற பெயருக்கு அடுத்துள்ள எண்ணும் எழுத்தும் கலந்த குறியீட்டை நகலெடுத்து எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குறியீடு கையில் இருந்தால் ஆய்வகம் மரபணு முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பொருள் தெரியாத வேறு மாற்றங்கள் அறிக்கையில் வந்து உங்களை அலைக்கழிப்பதும் அதனால் தவிர்க்கப்படும்.